அறிமுகக் குழு எழுந்திருக்கவில்லை

நான் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனது பாடுவதற்காக அல்ல. பனிச்சரிவு எச்சரிக்கைத் தாளைக் கொடுக்கப் போனேன்.

வானிலைத் துறையில் நான் பனி அளப்பவள். கணவாய்களில் எவ்வளவு பனி விழுந்தது, எந்தச் சரிவு இறங்கக்கூடும் என்று கணக்குப் போட்டு, குளிர்காலம் முழுக்கத் தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்தத் தாளைத் தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள தொலைக்காட்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பலாம்தான். ஆனால் மின்னஞ்சலில் முத்திரை குத்த முடியாது.

அன்று செய்திப் பிரிவு பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். பனியில் புதைந்த வண்டிக்குள் இருப்பவர்கள் மீட்புக்காரர்களை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"எந்த ஊரும்மா நீ?" என்றார் மேசையின் ஒரு முனையில் இருந்தவர்.

நான் தாளை நீட்டினேன். "தோ-அஷு கணவாய்ல நாப்பத்திரண்டு சென்டிமீட்டர், ஐயா."

"அது பனியோட ஊரு. உன் ஊரு?"

சொன்னேன். அப்பா நரின், வடக்கு. அம்மா ஓஷ், தெற்கு. நான் பிறந்தது இரண்டுக்கும் நடுவே, பனியில் மாட்டிக்கொண்ட ஒரு வேனுக்குள். பிறப்புச் சான்றிதழில் ஊர் என்ற இடத்தில் 'நூற்று இருபத்தொன்பதாவது கிலோமீட்டர்' என்று இருக்கிறது.

மேசையின் மறுமுனையில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீ எந்த மாகாணத்துப் பொண்ணும் இல்ல."

"ஆகவே எந்த மாகாணமும் ஆட்சேபிக்க முடியாது," என்றார் முதலாமவர். "பாடுவியா?"

"துறை விழாவுல ஒரு தடவை பாடினேன்."

"யாராவது எழுந்து போனாங்களா?"

"இல்லை. கதவு உறைஞ்சு போயிருந்துது."

"அடக்கமான பொண்ணு," என்றார் மறுமுனைக்காரர். பதினான்கு பேரும் கை தூக்கினார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த பிழை.

அந்த மே மாதம் ஜார்ஜியத் தலைநகர் டிபிலிசியில் இருபத்திரண்டு நாடுகளின் பாட்டுப் போட்டி நடக்க இருந்தது. இருபத்தொரு நாடுகள் ஏற்கெனவே பலமுறை பாடியவை. நாங்கள் முதல் தடவை. அதற்காக அமைச்சகம் அமைத்ததுதான் அறிமுகக் குழு. நான் போனபோது அதன் முதல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

கூட்டம் ஏன் முடியவில்லை என்று குறிப்பெழுதும் உல்கான் அக்கா எனக்குச் சொன்னாள். எங்கள் நாட்டில் யாரும் ஒரு விரிப்பிலிருந்தோ மேசையிலிருந்தோ தானாக எழுந்திருப்பதில்லை. இருப்பவர்களில் மூத்தவர் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்ல வேண்டும். மற்றவர்களும் வெறுங்கைகளை விரித்துக் கேட்க வேண்டும். அவர் 'ஓமீன்' என்றதும் எல்லோரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாய் தேநீர்கூடக் கிடையாது.

"சரி, மூத்தவர் சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"யாரு மூத்தவருன்னு சொல்லு பாப்போம்," என்றாள்.

முதலில் என் ஊரைக் கேட்டவர்தான் தலைவர் ஷார்ஷென்பெக், வடக்கு. மறுமுனையில் இருந்தவர் இணைத்தலைவர் மமாசாலி, தெற்கு. அவர்கள் பிறந்த காலத்தில் கிராம குமாஸ்தா குளிர்காலம் முழுக்கப் பிறந்த குழந்தைகளை ஒரே மூச்சில் பதிவு செய்வார். இருவரின் தாளிலும் ஒரே தேதிதான்: ஜனவரி ஒன்று, ஒரே வருடம். ஆகையால் இருவரும் ஒருவரையொருவர் அண்ணன் என்று அழைத்தார்கள்.

"நீங்க சொல்லுங்க அண்ணே."

"உங்க முன்னாடி நான் வாயத் திறக்கறதா? நீங்க சொல்லுங்க அண்ணே."

பார்ப்பதற்கு மரியாதை மாதிரி இருக்கும். உல்கான் அக்கா குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு வரி அச்சடித்திருந்தது: 'ஆசி சொல்லிக் கூட்டத்தை முடித்து, மேற்கண்ட முடிவுகள் அனைத்துக்கும் பொறுப்பேற்பவர்.' பக்கத்தில் கையெழுத்துக்கு இடம்.

"மூணு வாரமா அந்தப் பக்கத்துக்கு ஒரு ஈகூட வரலை," என்றாள்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம். ஆனால் கூட்டம் முடியாததால் யாரும் எழுந்ததாக ஆகக் கூடாது. அதற்காகத் தங்கள் வெள்ளைத் தொப்பிகளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். தொப்பி உட்கார்ந்திருந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரி. என்னிடம் தொப்பி இல்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, என் பனி அளக்கும் கோலை வைத்துவிட்டுப் போகலாம் என்று அனுமதித்தார்கள். ஒன்றரை மீட்டர் அலுமினியக் கோல். அடுத்த மூன்று மாதம் என் துறைக்கு நான் ஒரு சென்டிமீட்டர் பனிகூட அளந்து கொடுக்கவில்லை.

என் கவலை அது மட்டுமல்ல. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் பனியாறுகளைப் பற்றி இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்ய எனக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடம் விண்ணப்பித்துக் கிடைத்தது. மே இருபதாம் தேதி, திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் பாஸ்போர்ட்டை பிஷ்கெக் விசா அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இரண்டாம் நாளே குழு என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டது.

"இது இனிமே உன் பாஸ்போர்ட் இல்லம்மா," என்றார் ஷார்ஷென்பெக், அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு. "தேசத்தோட குரலுக்கு உண்டான பாஸ்போர்ட். தேசத்தோட குரல் தொலைஞ்சிடக் கூடாது பாரு."

"மே இருபதாந் தேதி எனக்கு வேணும், ஐயா."

"மே பதினெட்டாந் தேதி போட்டியே முடிஞ்சிடுதே. அப்புறம் உன்னை எவன் பிடிச்சு வச்சுக்கப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன்.

மேசையில் நான்தான் இளையவள் என்பதால் தேநீர் ஊற்றும் வேலை எனக்கு வந்தது. கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினால், இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிரம்ப ஊற்றினால், போய் வாருங்கள் என்று அர்த்தம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். ஒருநாள் பிற்பகல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினான்கு கிண்ணங்களையும் விளிம்புவரை நிரப்பினேன். என் காது சூடாகிவிட்டது.

மமாசாலி கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, பாத்தீங்களா?" என்றார். "அமைச்சகம் நமக்குத் தேநீர் ஒதுக்கீட்டை ஏத்திடுச்சு."

கை தட்டினார்கள். உல்கான் அக்கா அதையும் குறிப்பில் எழுதினாள்.

ஏப்ரலில் பாட்டுக்கு வந்தோம். நான் துறை விழாவில் பாடியது நானே எழுதிய நான்கு வரி. எர்மெக் என்பவன் மூன்று தந்தி கோமுஸ் வாசிக்க, குழுவின் முன் பாடிக் காட்டினேன்:

பனியே, நீ எத்தனை ஆழம்?
கோலை ஊன்றிக் கேட்கிறேன்.
நீ சொன்னதைத் தாளில் எழுதினேன்,
சொல்லாததை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

பாடி முடித்ததும் பதினான்கு பேரும் பேனாவை எடுத்தார்கள். பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"பனின்னு ஆரம்பிச்சா, நம்ம ரோடெல்லாம் மூடிக் கெடக்குன்னு உலகம் நினைச்சுக்கும்," என்றார் சாலைத் துறை உறுப்பினர்.

"எத்தனை ஆழம்னு கேள்வி வேற," என்றார் ஷார்ஷென்பெக். "அரசாங்கத்துக்குத் தெரியாத ஆழம் ஒண்ணு இருக்கா என்ன? முப்பது வருஷமா உள்ள இருந்து பாத்தவன் சொல்றேன், எங்க ஆழத்தை எவனும் கேள்வி கேட்டதில்ல."

"அந்தக் கடைசி வரி," என்று மமாசாலி கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு வருது. பனி யாரு சொத்து? அரசாங்கச் சொத்து. அதை வீட்டுக்குக் கொண்டுபோறதா? நாமளும் கொண்டுபோறோம், இல்லேங்கலை. பாட்டா பாடுவோமா?"

நான்கு வரியும் போயின. ஏழு மாகாணங்களும் தலைக்கு ஒரு ஆறு, ஒரு மலை, ஒரு மாவீரன் என்று கேட்டு எழுதினார்கள். பாட்டு பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி வந்தது. போட்டி விதிப்படி மூன்று நிமிடம்தான். சுருக்குவதற்குத் துணைக்குழு அமைத்தார்கள். ஒவ்வொரு மாகாணமும் தன் ஆற்றை விடவில்லை, மற்ற ஆறு மாகாணங்களின் ஆறுகளை வெட்டியது. எல்லோரும் வெட்டி முடித்தபோது பாட்டில் பதினொரு விநாடி மிஞ்சியிருந்தது.

'நாடே, ஆ' என்பதுதான் அது.

"சுருக்கமா, கம்பீரமா இருக்கு," என்றார் ஷார்ஷென்பெக்.

"மிச்ச ரெண்டு நிமிஷம் நாப்பத்தொம்போது விநாடி நான் என்ன பண்ணட்டும்?" என்று எர்மெக் கேட்டான்.

"வாசி."

"என்ன வாசிக்க?"

"யாருக்கும் ஆட்சேபம் இல்லாததா ஒண்ணு வாசி."

அவன் ஒரு வாரம் யோசித்தான். எல்லா மெட்டும் ஏதாவது ஒரு மாகாணத்தில் பிறந்திருந்தது. கடைசியில் தந்திகளைச் சுருதி கூட்டுவதையே வாசிப்பது என்று முடிவானது.

மேடையில் ஆறு பேர்தான் நிற்கலாம். முதல் பட்டியலில் நான், எர்மெக், நான்கு நடனக்காரிகள். இரண்டாம் பட்டியலில் நான், எர்மெக், இரண்டு நடனக்காரிகள், இரு தலைவர்கள். மூன்றாம் பட்டியலில் நடனக்காரிகள் இல்லை. சாலைத் துறை உறுப்பினரும், அவர் வந்தால் நானும் வருவேன் என்ற நீர்வளத் துறை உறுப்பினரும் இருந்தார்கள்.

டிபிலிசிக்கு மே பதினைந்தாம் தேதி போனோம். விமான நிலையத்தில் சோதனை வாசலுக்குச் சற்று முன்னால் ஷார்ஷென்பெக் என் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். முத்திரை விழுந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார். நாற்பது மீட்டர் தூரம் அது என் கையில் இருந்தது. கூட்டம் முறியாமல் இருப்பதற்காகத் தொப்பிகளும் என் கோலும் கூடவே வந்தன. கோலை 'இசைக்கருவி' என்று எழுதிச் சரக்கில் போட்டார்கள்.

போட்டியன்று மேடைக்குப் பின்னால் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவள் கேத்தேவான் என்ற ஜார்ஜியப் பெண். காதில் கருவி மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் எங்கள் ஆட்களுக்கும் ரஷ்ய மொழி பொது.

"மூணு நிமிஷம். ஒரு விநாடி கூடினாலும் விளக்கை அணைச்சிடுவோம்," என்றாள். பிறகு தலைவர்களைப் பார்த்தாள். "இந்தப் பெரியவங்க என்ன பாடுறாங்க?"

"நாங்க பின்புலம்," என்றார் மமாசாலி.

பதினேழாவதாக எங்களை அழைத்தார்கள். விளக்குகள் எரிந்தன. ஆறு பேரும் நின்றோம். எர்மெக் தந்தியை முறுக்கினான். இருபத்திரண்டு நாடுகள் பார்க்கின்றன என்பது ஷார்ஷென்பெக்குக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நல்ல காரியம் தொடங்குமுன் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி என்று நினைத்தாரோ என்னவோ. முன்னால் ஓரடி எடுத்துவைத்து உள்ளங்கைகளை விரித்தார்.

நான்கு மாதமாக யார் கெஞ்சியும் விரியாத கைகள்.

வேறு வழியில்லை. நாங்கள் ஐந்து பேரும் கைகளை விரித்தோம். எர்மெக் கோமுஸைத் தரையில் வைத்துவிட்டு விரித்தான்.

"மலை மலையா நிக்கட்டும், ஆறு ஆறா ஓடட்டும்," என்று தொடங்கினார். "நாட்டுக்கு நல்ல பேரு வரட்டும். இந்தப் பேரை வாங்கிக் குடுத்தது யாருன்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியட்டும். துணையமைச்சர் பதவி ஒண்ணு காலியா கெடக்கு, அது தகுதியான ஆளுக்குக் கிடைக்கட்டும். தகுதியான ஆளு ரொம்ப தூரத்துல இல்லேன்னு எல்லாருக்கும் புரியட்டும்..."

எதிர்ச்சுவரில் கடிகாரம் ஓடியது. ஒரு நிமிடம் இருபது விநாடியில் அவர் குரல் தணிந்தது. முடிக்கப்போகிறார் என்று பாட மூச்சை இழுத்தேன்.

"தெற்கு விட்டுப்போச்சு அண்ணே," என்றார் மமாசாலி. அவரும் ஓரடி முன்னால் வந்தார். "தெற்குல பருத்தி வெடிக்கட்டும். வாதுமை காய்க்கட்டும். என் மருமகன் தேர்வு எழுதியிருக்கான், அதைத் திருத்தறவங்களுக்கு மனசு இளகட்டும். காலியா கெடக்கிற பதவி ஒண்ணுதானே, அது ரெண்டா ஆகட்டும்..."

இரண்டு நிமிடம் ஐம்பத்தாறாவது விநாடியில் இருவரும் ஒரே குரலில் ஓமீன் என்றார்கள். நாங்கள் முகத்தைத் தடவிக்கொண்டோம். பிறகு ஆறு பேரும் மேடையை விட்டு இறங்கினோம்.

மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும்தான் இறங்கினேன். என் கால்கள் இருபத்தாறு வருடமாக அந்தச் சொல்லுக்கு எழுந்து பழகியவை. படியில் பாதி வந்த பிறகுதான் நான் பாடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கேத்தேவான் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஊர்லயும் மணிக்கணக்காப் பேசுவாங்க," என்றாள் என்னிடம். "ஆனா பேசறவன் கையில ஒயின் இருக்கும். அது தீந்தாப் பேச்சு நின்னுடும். உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையா?"

எங்களுக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நல்லா இருந்துதுடி," என்றாள். "அக்கம்பக்கம் அத்தனை பேரும் நம்ம வீட்லதான். ஓமீன்னதும் எல்லாரும் டிவியை அணைச்சிட்டு எழுந்து போயாச்சு. உன் கவுன் கலருதான் கொஞ்சம் மங்கல். ஆமா, நீ எப்போ பாடினே?"

நாடு முழுக்க இப்படித்தான் நடந்திருந்தது. பூஜ்யத்தைப் பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, ஓட்டல் சாப்பாட்டு அறையில் குழு உட்கார்ந்தது. அதே முதல் கூட்டம்தான்; மேடையில் சொன்ன ஓமீன் பாட்டுக்கு உண்டானது, கூட்டத்துக்கு இல்லை என்று முடிவு செய்திருந்தார்கள். தொப்பிகள் தலைகளில் இருந்தன. என் கோல் என் நாற்காலியில் சாய்ந்திருந்தது. ஐந்தரை மணிக்கு விமானம். அப்போது மணி பன்னிரண்டு. நாளை மாலை நான்கு மணிக்குள் நான் விசா அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

ஷார்ஷென்பெக் பேசினார். "பூஜ்யம், பூஜ்யம்னு சில பேரு முணுமுணுக்கறாங்க. பூஜ்யம் உருண்டையா இருக்கு. நம்ம கொடியில இருக்கற சூரியனும் உருண்டைதான். தவிர, பத்து வாங்கினவன் அடுத்த வருஷம் ஒம்போது வாங்கினா அவமானம். நம்மால இறங்கவே முடியாது. இந்தப் பாதுகாப்பான நிலைமையை உண்டாக்கினது இந்தக் குழு."

கை தட்டினார்கள்.

"இன்னொரு விஷயம்," என்றார் மமாசாலி. "நேத்து பாட்டுப் பாடலை. பாட்டுப் பாடலேன்னா அறிமுகம் நடக்கலை. நடக்கலேன்னா இந்தக் குழு வேலை முடியலை. அடுத்த வருஷம் அறிமுகம் ஆவோம். அதுவரைக்கும் குரலும் இதே குரல்தான். புதுக் குரல் தேடினா மறுபடி ஏழு மாகாணம், மறுபடி ஆட்சேபம்."

பதினான்கு கைகள் உயர்ந்தன.

"என் பாஸ்போர்ட், ஐயா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நாளைக்கு இருபதாந் தேதி."

ஷார்ஷென்பெக் அதை உள்பையிலிருந்து எடுத்தார். ஒரு நொடி கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார்.

"பாருங்க. இது வெறும் பாஸ்போர்ட் இல்ல. நாலு மாச உழைப்பு. கொடுக்கலாம்மா, யாரு மாட்டேன்னா? அறிமுகம் முடியட்டும்."

"அடுத்த வருஷம் மே மாசமா?"

"ஆண்டவன் சித்தம்."

அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டார். அறை புழுக்கமாக இருந்தது. மேசையில் ரொட்டி இருந்தது. தேநீர்க் கூஜா என் முன்னால் இருந்தது. கிண்ணங்களை நிரப்பிப் பயனில்லை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். அந்தப் பிடியைத் தளர்த்தக்கூடிய விசை உலகில் ஒன்றுதான் இருந்தது. ஆனால் அது என்னைப் போன்றவள் கையில் இருப்பது வழக்கமில்லை.

நான் உள்ளங்கைகளை விரித்தேன்.

முதலில் பார்த்தது உல்கான் அக்கா. பேனாவை வைத்துவிட்டுக் கைகளை விரித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுக்குப் பக்கத்தில் எர்மெக் விரித்தான். பிறகு சாலைத் துறை, நீர்வளத் துறை. யார் தொடங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. விரிந்த கைகளைப் பார்த்தால் கைகள் விரியும், அவ்வளவுதான். மமாசாலி கண்ணாடியை வைத்துவிட்டு விரித்தார்.

ஷார்ஷென்பெக்கின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. ஆனால் அவர் கை அவருக்கு முன்னாலேயே அந்தப் பாஸ்போர்ட்டை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது.

"பாதை திறந்திருக்கட்டும்," என்றேன். "சாப்பிட்டது செரிக்கட்டும். உக்காந்தவங்க எழுந்திருக்கட்டும். ஓமீன்."

"ஓமீன்," என்றார்கள் எல்லோரும். முகத்தைத் தடவிக்கொண்டார்கள். நாற்காலிகள் பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது. பதினாறு வாரம் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்துகொண்டது. கண்களை மூடி முகத்தைத் தடவிய அந்த இரண்டு நொடியில் நான் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டேன்.

உல்கான் அக்கா குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். "எல்லா முடிவுக்கும் இனிமே நீதான் பொறுப்பு, தெரியுமில்ல?" என்றாள் மெதுவாக. "அந்தப் பூஜ்யமும் சேத்து."

"பரவாயில்லை அக்கா," என்றேன். கையெழுத்துப் போட்டேன். நான்கு மாதத்தில் அந்தக் குழுவில் போடப்பட்ட முதல் கையெழுத்து.

"ஏம்மா, ஒரு நிமிஷம்..." என்று ஷார்ஷென்பெக் தொடங்கினார். ஆனால் அதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டது. அங்கே நின்றுவிட்டது. மூத்தவர் முதலில் போக வேண்டும்.

"நீங்க போங்க அண்ணே."

"உங்களுக்கு முன்னாடியா? நீங்க போங்க அண்ணே."

பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள்.

நான் இளையவள், கடைசியில்தான் போக வேண்டும். ஆகையால் சமையலறை வழியாகப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் தலையசைத்து வழிவிட்டார். பின்கதவு திறந்தே இருந்தது.

கோலை எடுத்துக்கொள்ளவில்லை. அது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கூட்டம் முடிந்ததா இல்லையா என்று அவர்களுக்கு எப்போதாவது சந்தேகம் வரும். வரும்போது திரும்பிப் பார்ப்பார்கள். குழுவின் விதிப்படி நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.